இருபத்தேழாவது பை

ஒரு பல் போதும் என்று நினைத்தேன்.
ஜிப் ஓடி முடிகிற இடத்தில் சின்னக் குழி,
ஓட்டியின் வயிற்றுக்குள் வளைந்த பிளாஸ்டிக் பல்.
விழுந்தால் விழுந்ததுதான்.
தூண்டில் முள்ளைப் போல
ஒரு திசை மட்டுமே அதற்குத் தெரியும்.

விஸ்கான்சினில் பிப்ரவரி.
ஏரி இறுகி, அதன்மேல் மீன்பிடிக் கூடாரங்கள்.
ஆய்வுக்கூடத்தில் சூடான பாலித்தீன் வாடை,
ட்வெய்னின் கருகிய காபி.

முதல் பை பேப்பர் கிளிப்புக்கே திறந்துகொண்டது.
நான்காவது, பக்கவாட்டில் நசுக்கியதும்
கொட்டாவி விட்டது.
ஒன்பதாவதை ட்வெய்ன்
டோனட் தின்றபடி, இடது கையால்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு லோர்னா வந்தாள்.
ஷெரிஃப் அலுவலகத்தின் சாட்சிப்பொருள் அறையில்
முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவள்.
இப்போது எங்களிடம் மணிக்கூலிக்குத் திருடுகிறாள்.
தையல் டப்பாவில் அவளுடைய ஆயுதங்கள்:
பல் வைத்தியரின் கொக்கி,
குளிர் தெளிப்பான், சவரத் தகடு,
மரப்பிடி போட்ட வெண்ணெய்க் கத்தி.

பதினாறாவது பை.
என் பூட்டை அவள் தொடவே இல்லை.
பையைக் குப்புறப் போட்டு
அடியோரத்தை நூலளவு அரிந்தாள்.
பத்து டாலரை உருவினாள்,
ஒரு டாலரைச் செருகினாள்,
கத்தியை அடுப்பில் காட்டி
உருக்கி ஒட்டி, ஊதி ஆற்றி
என் பக்கம் தள்ளினாள்.
பூட்டு பூட்டியபடியே இருந்தது,
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.
நான் கதவுக்குப் பல் வைத்தேன்.
அவள் சுவரில் கன்னம் வைத்தாள்.

சாப்பாட்டு வேளையில், கேட்காமலே, சொன்னாள்:
ஒரு குழந்தையின் கையுறை, சிவப்பு.
நீதிமன்றத்தில் பையைத் தூக்கிக் காட்டியபோது
கீழ் மூலையில் கடுகளவு துளை.
எலியா, ஸ்டேப்ளரா, ஆளா?
யாராலும் சொல்ல முடியவில்லை.
வழக்கு அன்றே முடிந்தது.
வெளியே போகும்போது
எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
அவன்தான்.
நானும் நன்றி சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.

சூப் ஆறிப்போனது.

அன்று இரவு வரைபடத்தின் தலைப்பில்
'தடுக்க' என்ற சொல்லை அடித்தேன்.
'காட்டிக்கொடுக்க' என்று எழுதினேன்.
எந்தப் பிளாஸ்டிக்கும் எவனையும் நிறுத்தாது.
வந்தவன் வந்தான் என்று சொல்லத் தெரிந்தால் போதும்,
பொய்சாட்சி சொல்லாமல் இருந்தால் போதும்.

ஓரம் முழுக்க மயிரிழை எழுத்துகளை ஓடவிட்டேன்,
நூலளவு அரிந்தாலும் வரி முடமாகும்.
சூடு பட்டால் கருநீலம்,
குளிர் பட்டால் பாளம்பாளமாக வெண்மை.
பல் இப்போது இரண்டு,
ஒன்றை நெம்பினால் மற்றது ஒடிந்து
குழிக்குள்ளேயே கிடக்கும், தடயமாக.

இருபத்தேழு.
லோர்னா நாலரை மணி நேரம் போராடினாள்.
பை நீலமானது, வெளுத்தது, ஒரு பல் ஒடிந்தது,
திறக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
உள்ளே என்ன வைத்தாய்?

கனத்துக்காகக் கைக்கு அகப்பட்டதைப் போட்டிருந்தேன்.
என் கார்ச் சாவி.

வெளியே உறைநிலைக்குக் கீழே பதினெட்டு.
ட்வெய்ன் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
லோர்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
முதலில் படிவம், என்றாள்.

எழுதினோம், மூன்று பேரும், மிக ஒழுங்காக.
திறந்தவர்: பா ஹுவா ஷியோங்.
சாட்சி: லோர்னா வாண்டர்ஹைடன்.
நேரம்: மாலை ஆறு பத்து.
பையின் நிலை: சேதம், எங்களால்.
திறந்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

வீட்டுக்குப் போக,
என்று எழுதிக்
கிழித்தேன்.